ரெண்டு ஆளுக்கு வச்ச உலை

காடு தாண்டி, கம்மாய் தாண்டி, ஒரு ஊர்ல சிலம்பாயி சிலம்பாயின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருசன் பேரு வீரணன். ரெண்டு பேருக்கும் இருந்தது ஒரு ஓட்டு வீடு, ஒரு கெணத்துத் தோட்டம், கொல்லையில ஒரு புறாமாடம். மாடத்துல ஒரு சோடிப் புறா, ஆணு சாம்பல் நெறம், பெட்டை வெள்ளை. பிள்ளையில்லாத வீடு, அதனால அந்தப் புறா பொரிக்கிற குஞ்சுகதான் அவளுக்குப் பிள்ளைக. ஏய், காலை ஆட்டாம கேளு, இல்லேன்னா கதை ஓடிப்போயிரும்.

அப்படி இருக்கையில அந்த நாட்டு ராஜா வடக்க ஒரு கோட்டை கட்டணும்னு வீட்டுக்கு ஒரு ஆளைப் பிடிச்சான். ராஜா பிடிச்சா பிடிச்சதுதான், மாட்டேன்னு சொன்னவன் தலை கழுத்துல இருக்காது. வீரணனும் கெளம்பினான். அந்த ஊர்ல ஒரு பழக்கம் உண்டு, தூர தேசம் போறவன் தன் வீட்டு மாடத்துல பொறந்த புறா ஒண்ணைக் கூடையில வச்சுக் கொண்டு போவான். வீரணன் செம்பன்னு ஒரு சிவப்புப் புறாவை எடுத்துக்கிட்டான். சிலம்பாயி கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

"அழாத புள்ள. வேலை முடிஞ்சு நான் கெளம்புற அன்னிக்கு இவனைப் பறக்க விடுவேன். இவன் ரெண்டே நாள்ல மாடத்துக்கு வந்துருவான். நான் நடந்துல்ல வரணும், எனக்கு மூணு மாசம் ஆகும். செம்பன் வந்துட்டான்னா நான் வழியில இருக்கேன்னு வச்சுக்க."

"வந்து சேர்றப்போ சோறு இருக்கணுமில்ல?"

"இருக்கணும். பசியோடதான் வருவேன்."

அவ்வளவுதான் பேச்சு, போயிட்டான்.

அன்னியிலேருந்து சிலம்பாயி உலை வச்சா ரெண்டு ஆளுக்குத்தான் வைப்பா. தன் பங்கைத் தின்னுட்டு அவன் பங்கை உறியில மூடி வைப்பா, பொழுது சாஞ்சு அவன் வரலேன்னா எடுத்துப் புறாவுக்குப் போடுவா. மழைக்கும் வச்சா, வெயிலுக்கும் வச்சா, காய்ச்சல்ல கிடந்த அன்னிக்கும் எந்திரிச்சு வச்சா. தண்ணி எடுக்கப் போனாலும் வானத்தைப் பாப்பா, களை எடுக்கப் போனாலும் வானத்தைப் பாப்பா. பொம்பளைக எல்லாம், "என்னடி, மேகத்துக்குள்ளயா ஒளிச்சு வச்சிருக்க அவரை?"ன்னு கேலி பண்ணுவாங்க. அவளும் சிரிப்பா. வீட்டுக்கு வந்து அவன் விட்டுட்டுப் போன துண்டை மோந்து பாத்து அழுவா. அழுதா என்ன, ஆசையா இருந்துச்சு, அழுதா.

ஒரு வருசம் போச்சு, ரெண்டு வருசம் போச்சு, மூணாவது வருசமும் வந்துச்சு. அப்பத்தான் மாடத்துல சாவு விழ ஆரம்பிச்சுச்சு.

வெள்ளைப்புறா ரெண்டு முட்டை வச்சுப் பொரிச்சுச்சு. மறுநாள் சிலம்பாயி ஏணி போட்டு ஏறிப் பாத்தா, ரெண்டு குஞ்சும் செத்துக் கிடக்கு. பூனை கடிச்ச காயமில்ல, பாம்பு தீண்டின தடமில்ல, எறும்பு கூட மொய்க்கல. அப்புறம் திரும்ப முட்டை வச்சுச்சு, திரும்பப் பொரிச்சுச்சு, திரும்பவும் அதே மாதிரி செத்துக் கிடக்கு. தாயும் தகப்பனும் நல்லாத்தான் இருக்கு, குஞ்சுக மட்டும் போயிருது.

இப்ப வர்றான் பாருங்க, வீரணனோட அண்ணன் பெரியணன். நடையில சாந்தம், பேச்சுல தேன், மனசெல்லாம் தம்பியோட கெணத்துத் தோட்டத்து மேல.

"சிலம்பாயி, சொல்லவே நாக்கு கூசுது தாயி. கூடப்பொறந்த குஞ்சு மூணு ஈடு, மூணு பொரிப்பும் வரிசையா செத்தா, தூரம் போன புறாவும் செத்துருச்சு, கொண்டு போனவனும் செத்துட்டான்னு நம்ம ஊர்ல கணக்கு. இன்னும் ஒரு ஈடுதான் பாக்கி."

"செத்திருந்தா எனக்குத் தெரியும் மச்சான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உலை வைக்கிறப்போ கை ஒருத்தருக்குன்னு அள்ளும். இன்னும் ரெண்டு பேருக்குத்தான் அள்ளுது."

பெரியணன் துண்டால கண்ணைத் தொடச்சுக்கிட்டே போயிட்டான். கண்ணுல தண்ணி இருந்துச்சான்னு என்னைக் கேக்காதீங்க, நான் பாக்கல.

மூணாவது ஈடும் பொரிச்சுச்சு. சிலம்பாயி மாடத்தடியிலயே கிடந்தா, ஒரு குடம் தண்ணிக்கு மட்டும் ஓடிப் போயிட்டு வந்தா. வந்து பாத்தா, போச்சு, ரெண்டும் போச்சு. உடனே ஊர் கூடிருச்சு, தாலியைக் கழட்டுன்னு சொல்லிருச்சு. தாலியைக் கழட்டினா தோட்டம் மூத்தவனுக்கு, அவ பொறந்த வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். அதைக்கூட அவ நெனைக்கல. அவர் பசியோட வந்து நின்னா வீடு பூட்டிக் கெடக்குமேன்னுதான் நெனைச்சா.

முன்ன ரெண்டு தடவையும் அவ வெளிக்காயம் மட்டும் பாத்துட்டு அழுதுக்கிட்டே புதைச்சிருந்தா. இந்தத் தடவை புதைக்க மனசு வராம ஒரு குஞ்சை உள்ளங்கையில வச்சுத் தடவிக் குடுத்தா. பொறந்த குஞ்சுக்குக் கழுத்துப் பை தோலு அவ்வளவு மெல்லிசு, உள்ள இருக்கிறது வெளியில தெரியும். அதுக்குள்ள கறுப்பு கறுப்பா என்னமோ உருண்டுச்சு. சிலம்பாயி அழுகையை நிறுத்திட்டா.

"நாட்டாமை அய்யா, இதைக் கொஞ்சம் பாருங்க. பொறந்த குஞ்சுக்குப் புறா என்ன குடுக்கும்?"

"தன் தொண்டையில ஊறுற பாலைத்தான் குடுக்கும். தானியம் குடுக்க நாளாகும். சின்னப்பிள்ளைக்குக் கூடத் தெரியுமே."

"அப்ப இது கழுத்துப் பையில வரகு எப்படி வந்துச்சு?"

நாட்டாமை குஞ்சை வாங்கிப் பாத்தாரு, ஊரே எட்டிப் பாத்துச்சு. வரகுதான். அந்த வருசம் ஊர் பூராவும் சோளம் போட்டிருந்துச்சு, வரகு போட்டவன் ஒரே ஒருத்தன், பெரியணன். அதுவும் களத்துல மழையில நனைஞ்சு கறுத்த வரகு. அதுக்குக் கிறுக்கு வரகுன்னு பேரு. தின்னா தலை சுத்தும், நாக்கு குழறும், சின்ன உசிருன்னா அப்படியே அடங்கிரும்.

எல்லாரும் திரும்பிப் பெரியணனைப் பாத்தாங்க. அவன் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா தப்பிச்சிருப்பான். இருப்பானா?

"என் வரகையா கிறுக்குங்கிறீங்க? என் வரகு தங்கம்! ஆக்கிக் கொண்டாங்க, நானே தின்னு காட்டுறேன்!"

சரின்னு ஆக்கிக் கொண்டாந்தாங்க, ஒரு வட்டில் நெறைய. நடுச் சபையில உக்காந்து தின்ன ஆரம்பிச்சான். முதல் கவளம் தின்னான், மீசையை முறுக்கினான். ரெண்டாங் கவளம் தின்னான், வேப்பமரத்தைப் பாத்து "வாங்க சம்பந்தி"ன்னான். மூணாங் கவளம் தின்னான், எந்திரிச்சு ஆட ஆரம்பிச்சுட்டான்! வேட்டி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். ஆடிக்கிட்டே அழுதான், அழுதுக்கிட்டே சொன்னான்.

"நான்தான் ஊட்டினேன்! ஊற வச்சு ஊட்டினேன்! கண்ணு தெறக்காத குஞ்சு, அது என்னைப் பாக்காது. செம்பனைத்தான் என்னால கொல்ல முடியல. கத்தியைத் தூக்கினேன், என் தம்பி சின்னதுல பாப்பானே, அப்படிப் பாத்துச்சு!"

"செம்பனா?"ன்னா சிலம்பாயி.

"அவன் வந்து மூணு மாசமாச்சே! என் கூரையில எறங்கினான், பிடிச்சுத் தானியக் குதிருக்குள்ள போட்டுட்டேன். தம்பி வர்றதுக்குள்ள உன்னை அனுப்பிரணும்னுதான்..."

மிச்சத்தை யாரு கேட்டா? சிலம்பாயி ஓடினா. முந்தானை முள்ளுல மாட்டிக் கிழிஞ்சுச்சு, ஓடினா. கால்ல கல்லு குத்துச்சு, ஓடினா. பெரியணன் வீட்டுக் குதிர் மூடியைத் தெறந்தா, அடியில உமி மேல செம்பன் உக்காந்திருக்கான். இறக்கையைக் கட்டிப் போட்டு இளைச்சுக் கிடக்கான். கட்டை அவுத்து நெஞ்சோட அணைச்சு, "வந்துட்டியா ராசா, நீ வந்தது எனக்குத் தெரியாமப் போச்சே, தெரியாமப் போச்சே"ன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தா. மாடத்துல விட்டதும் சாம்பலும் வெள்ளையும் கழுத்தைச் சுத்திச் சுத்திக் கொஞ்சுச்சு. அதைப் பாத்துக்கிட்டே ஏணியடியில உக்காந்தவ எந்திரிக்கவே இல்ல, பொழுது சாஞ்சதும் தெரியல.

"புள்ள, சோறு இருக்கா?"

திரும்பிப் பாத்தா, தாடியும் புழுதியுமா வீரணன் நிக்கிறான்! கையில அந்தப் பழைய கூடை, காலி.

சிலம்பாயி வாயில கையை வச்சுக்கிட்டா. மழைக்கும் வச்சா, வெயிலுக்கும் வச்சா, காய்ச்சலுக்கும் வச்சா. அன்னிக்கு ஒரு நாள்தான் அவ உலையே வைக்கல.

"ஐயோ, இன்னிக்குன்னு பாத்து அடுப்பே பத்த வைக்கலியே!"ன்னு அவன் காலடியில உக்காந்து அழுதா பாருங்க, அவன் செத்தான்னு ஊரே சொன்னப்போ கூட அவ அப்படி அழுததில்ல. வீரணன் கூடையைக் கீழ வச்சான், சுள்ளி பொறுக்கினான், அவனே அடுப்பைப் பத்த வச்சான். சிலம்பாயி எந்திரிச்சு அரிசி அள்ளினா, கை ரெண்டு பேருக்கே அள்ளுச்சு.

பெரியணன் என்ன ஆனான்னா, கிறுக்குத் தெளிஞ்சு எந்திரிக்கிறப்போ ஊரே அவனுக்குக் கிறுக்கு வரகன்னு பேரு வச்சிருந்துச்சு. தம்பி வீட்டுப் புறாவுக்குச் சாகுற வரைக்கும் தினமும் அவன்தான் இரை போடணும், மாடம் கூட்டணும்னு நாட்டாமை தீர்ப்புச் சொல்லிட்டாரு. அவன் போட்ட இரையை அதுக ஒரு நாளும் உடனே தின்னதில்லையாம். அவன் முதல்ல ஒரு பிடி அள்ளித் தன் வாயில போட்டுக்கணும், அதுக்கப்புறம்தான் எறங்கி வருமாம்.

செம்பன் மாடத்துல அடைஞ்சான், வீரணன் வீட்டுல அடைஞ்சான், நீங்க போர்வைக்குள்ள அடைங்க. கதை பறந்து போச்சு.