தூக்கணாங்கூட்டில் சிக்கிய மீன்

காட்டாற்றில் வெள்ளம் வந்துவிட்டது. நடுவில் ஒரே ஒரு மேடுதான் மிச்சம். அந்த மேட்டில் ஓர் ஈச்சமரம், கொஞ்சம் முள், கண் திறக்காத இரண்டு குட்டிகளோடு செம்பி என்ற காட்டுப்பூனை. தனியாளாக இருந்தால் நீந்திப் போயிருப்பாள். குட்டியைக் கவ்விக்கொண்டு அந்த இழுப்பில் இறங்க முடியுமா?

எலி, ஓணான் எல்லாம் வெள்ளத்தோடு போயாச்சு. தின்ன எதுவும் இல்லாமல் செம்பிக்குப் பால் வற்றிவிட்டது. குட்டிகள் வெறும் காம்பைச் சப்பிச் சப்பிக் கத்தின. பெற்றவளுக்கு எப்படி இருக்கும்!

மேட்டின் கரையோரத்தில் கெண்டை மீன்கள் மினுக்கிக்கொண்டு திரிந்தன. செம்பி பாய்ந்தாள். மீன் வழுக்கிவிட்டது. மறுபடி பாய்ந்தாள். தொப்பென்று தண்ணீரில் விழுந்து, மூக்கெல்லாம் சேறாக எழுந்து வந்தாள்.

மேலேயிருந்து ஒரு சிரிப்பு! தண்ணீருக்கு மேலே நீண்ட ஓலை நுனியில் மஞ்சளன் என்ற தூக்கணாங்குருவி ஊஞ்சலாடிக்கொண்டிருந்தான்.

"என்ன அக்கா, குளியலா?"

"சிரிடா, நல்லா சிரி! என் புள்ளைங்க சாகக் கிடக்குது, உனக்கு இளிப்பு கேக்குதோ?"

மஞ்சளனுக்குச் சுருக்கென்றது. குட்டிகளை அப்போதுதான் பார்த்தான். அவற்றுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை.

"தெரியாம சொல்லிட்டேன் அக்கா, மனசுல வச்சுக்காதீங்க. போன வருஷத்துக் கூடு ஒண்ணு சும்மா தொங்குது. வாசல் குழாய் மாதிரி நீளம். ஒரு ஓணான் உள்ளே போயிட்டு, திரும்பத் தெரியாம முழி பிதுங்கிக் கிடந்துச்சு. மீன் உள்ளே போனா மட்டும் வெளியே வந்துடுமா?"

கூட்டுக்குள் களிமண் அப்பி வைப்பது தூக்கணாங்குருவிகளின் வழக்கம். அந்த மண்ணை எச்சிலால் குழைத்து, மீனுக்கு இரையாக அதில் ஈசல்களைப் பிடித்து ஒட்டினான் மஞ்சளன். ஈச்சநாரைக் கயிறாகத் திரித்துக் கூட்டில் கட்டினான். கூடு தொங்கிய காம்பை அலகால் அறுத்தான். மண் கனத்தில் கூடு தண்ணீருக்குள் முங்கியது. கயிற்றின் மறுநுனி செம்பியின் வாயில்.

கொஞ்ச நேரத்தில் கயிறு துடித்தது!

"பொறுங்க அக்கா! மெதுவா இழுங்க!"

பசித்தவளுக்குக் காது கேட்குமா? வெடுக்கென்று இழுத்தாள். கூடு கரைக்கு வந்ததும் இரண்டு கையாலும் நகத்தை நீட்டிப் பிறாண்டினாள். பூனைக்குப் பழக்கம் அதுதானே! நைந்த நார் டர்ரென்று கிழிந்தது. உள்ளே இருந்த மீன் துள்ளித் தண்ணீரில் விழுந்து ஓடியே போய்விட்டது.

"ஐயையோ! என்ன வேலை செஞ்சீங்க!" என்று கத்தினான் மஞ்சளன்.

செம்பி கிழிந்த நாரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். "நானே என் புள்ளைங்க வாயில மண்ணப் போட்டுட்டேனே!"

மஞ்சளனிடம் இன்னும் ஒரு கூடு இருந்தது. புதுசு. அவன் பெண்டாட்டி வந்து, இழுத்துப் பார்த்து, ஆயிரம் குற்றம் சொல்லி, கடைசியில் சரி என்று தலையாட்டிய கூடு. முட்டை வைக்க வேண்டியதுதான் பாக்கி.

"இதைக் கொடுத்தா அவ என்னைத் தொலைச்சுடுவா," என்று முணுமுணுத்தான். குட்டிகளை இன்னொரு தரம் பார்த்தான். "சரி, வர்றது வரட்டும்!"

இரண்டாவது கூடும் முங்கியது.

இந்தத் தடவை செம்பி தன் கைகளை மடக்கி, அவற்றின் மேலேயே படுத்துக்கொண்டாள். கயிறு துடித்தது. அவள் அசையவில்லை. இன்னும் பலமாகத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். துடிப்பு அடங்கியதும் பையப் பைய இழுத்தாள். கரைக்குப் பக்கத்தில் வந்து, கூடு முள்ளில் மாட்டிக்கொண்டது!

"இழுக்காதீங்க, கிழிஞ்சுடும்! அலகாலதான் எடுக்கணும்," என்றான் மஞ்சளன். ஆனால் முள் இருந்தது செம்பியின் மூக்குக்கு நேர் கீழே. அவன் ஓலையிலேயே நின்றுகொண்டு கேட்டான்: "அக்கா, நான் இறங்கி வந்தா, என்னைத் தின்னுட மாட்டீங்களே?"

செம்பி அவனை நிமிர்ந்து பார்த்தாள். வாயில் எச்சில் ஊறியது. அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

"மாட்டேன்னு சொல்ல ஆசைதான் தம்பி. ஆனா என் பசி என் பேச்சைக் கேக்காது. இரு, நான் தள்ளிப் போயிடுறேன்."

கயிற்று நுனியைக் கல்லுக்கடியில் செருகினாள். மேட்டின் மறுகோடிக்குப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பின்னால் சிறகடிக்கும் சத்தம் கேட்டது. காது தானாகத் திரும்பியது. செம்பி திரும்பவில்லை.

"அக்கா, எடுத்தாச்சு! ஓடி வாங்க!"

கூட்டுக்குள்ளே கொழுத்த கெண்டைகள்! செம்பி ஒன்றைக் கவ்விக் குட்டிகளிடம் ஓடினாள்.

"அட, அதுங்களுக்கு ஏது பல்லு? நீங்க தின்னுங்க, பால் ஊறும்!" என்றான் மஞ்சளன்.

அழுதுகொண்டே தின்றாள் செம்பி. வெயில் சாயும் நேரத்தில் குட்டிகள் முட்டி முட்டிப் பால் குடிக்கும் சத்தம் கேட்டது. மஞ்சளன் பயமில்லாமல் அவள் வால் பக்கத்தில் இறங்கி, புதுக் கூட்டுக்கு நார் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

அவசரத்தை அடக்கத் தெரிந்தவருக்குத்தான் சோறும் கிடைக்கும், சொந்தமும் கிடைக்கும்.