விளக்கு வைக்கிற நேரத்துச் சத்தம்

முப்பது வருஷம் இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற வெள்ளியங்கிரி, அறுபத்திரண்டாம் வயதில் மாணவராகச் சேர்ந்தார். அவருக்கு வாய்த்த குரு அம்சவேணி. ஒரு காலத்தில் அவரிடமே படித்து, இயற்பியலில் இரண்டு தடவை கோட்டை விட்டவள். இப்போது போத்தனூர் பக்கம் எந்தப் பட்டறையில் கார் தூக்கும் லிஃப்ட் நின்றுபோனாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

வாத்தியார் ஒரு பழைய லிஃப்டை வாங்கி வீட்டுக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார். மூடிப்போன பட்டறை ஒன்றிலிருந்து வந்தது. இரண்டு இரும்புத் தூண்கள், காரை ஏந்த நாலு கைகள். தன் காரைத் தூக்கி, அடியில் நின்று தானே வேலை பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். மனைவி வசந்தாமணிக்குத்தான் அது பிடிக்கவில்லை. அம்சவேணி பார்த்துச் சரி என்றால் இருக்கட்டும், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை எடுத்துப்போகப் பழைய இரும்புக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்சவேணி வந்தாள். கார் தலைக்கு மேலே ஏறி நின்றிருந்தது.

"வாங்க டீச்சர்," என்றார் வாத்தியார்.

"இன்னிக்கு உங்களுக்குப் பரீட்சைங்க சார். படிச்சிருக்கீங்களா?"

படித்துத்தான் வைத்திருந்தார். தூணுக்கு கிரீஸ் போட்டது, எண்ணெய் மாற்றியது, தரையில் பதித்த போல்ட்டுகளை மாதாமாதம் முறுக்கிப் பார்ப்பது, அன்று காலையில்கூடக் காருக்கடியில் நின்று வேலை பார்த்தது எல்லாவற்றையும் ஒப்பித்தார். பிறகு மனசில் கிடந்ததைக் கேட்டார்.

"இதை நான் எப்போ முழுசா நம்பலாம்?"

அம்சவேணி மூலையில் கிடந்த பாயை எடுத்து, தள்ளி நின்றபடியே காருக்கு அடியில் உதறி விரித்தாள். வாசற்படியில் நின்ற வசந்தாமணியைப் பார்த்தாள்.

"அம்மா, இப்படி வந்து உட்காருங்க."

வசந்தாமணி ஒரு காலைத்தான் கீழே வைத்தாள். அதற்குள் வாத்தியார் இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே வந்துவிட்டார்.

"அவ வேண்டாம்."

"காலைல நீங்க அதுக்கடியிலதானுங்களே நின்னீங்க?"

அவர் கைகள் விரித்தபடியே இருந்தன. வசந்தாமணி அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு என்னமோ உறுத்துதுங்க சார். அதைச் சொல்லுங்க."

வாத்தியார் தூணை அண்ணாந்து பார்த்தார். அங்கே ஒரு சணல் கயிறு கட்டியிருந்தது.

கார் ஏற ஏற, தூணுக்கு ஒன்றாக உள்ள பூட்டு ஒவ்வொரு பல்லிலும் டக், டக் என்று விழ வேண்டும். தூக்கி முடித்ததும் கொஞ்சம் இறக்கினால், காரின் பாரம் அந்த இரண்டு பூட்டிலும் போய் உட்காரும். அப்புறம் காரைத் தூக்கும் எண்ணெய் கசிந்தாலும், இரண்டு பக்கத்தையும் சமமாக ஏற்றும் கம்பி அறுந்தாலும் கார் விழாது. வாத்தியாரோ இரண்டு பூட்டையும் பல்லில் விழாதபடி அந்தக் கயிற்றால் விலக்கிக் கட்டி வைத்திருந்தார். இத்தனை நாளும் வெறும் எண்ணெய்தான் காரைத் தாங்கியிருக்கிறது.

"சாமி கும்பிடறப்போ இந்தச் சத்தம் இவளுக்குத் தொந்தரவா இருக்குமேன்னுதான்," என்றார் மெல்ல.

"நான் எப்போ தொந்தரவுன்னு சொன்னேன்?" என்றாள் வசந்தாமணி.

அவள் சொன்னதே இல்லை.

அம்சவேணி எல்லாரையும் விலக்கி நிறுத்திவிட்டுக் காரை இறக்கினாள். கயிற்றை அறுத்துச் சுருட்டி வாத்தியாரின் சட்டைப்பையில் வைத்தாள். பூட்டுகளைத் துடைத்து எண்ணெய் விட்டாள். கம்பிகளை இழை இழையாகப் பார்த்தாள். அதற்குள் பொழுது சாய்ந்துவிட, வசந்தாமணி விளக்கேற்ற உள்ளே போனாள். அவள் கும்பிட்டு முடிக்கட்டும் என்றார் வாத்தியார். அம்சவேணி காதில் போட்டுக்கொள்ளாமல் பொத்தானை அழுத்தினாள்.

டக். டக். டக்.

சாமி அறையிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, வலது பக்கம் கொஞ்சம் பிந்தி விழுதுங்களே."

வாத்தியாருக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை. அம்சவேணி அளந்து பார்த்தாள். வலது பக்கத்துக் கைகள் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தன; அந்தப் பக்கத்துக் கம்பி தளர்ந்துபோயிருந்தது. காரை இறக்கி, கம்பியை முறுக்கி, மறுபடி தூக்கினாள். இந்தத் தடவை இரண்டு தூணிலும் ஒரே சத்தமாக விழுந்தது. கொஞ்சம் இறக்கினாள். ணங்கென்று கார் உட்கார்ந்தது.

"இப்போ சரிங்களாம்மா?"

"சாமி மேல பாரத்தைப் போட்ட மாதிரி உட்கார்ந்துடுச்சு கண்ணு," என்றாள் வசந்தாமணி. நெற்றியில் திருநீறோடு வெளியே வந்து, இரும்புக்காரருக்குப் போன் போட்டு நாளைக்கு வர வேண்டாம் என்றாள். பிறகு யாரும் கூப்பிடாமலே போய்க் காருக்கடியில் பாயில் உட்கார்ந்துகொண்டு, சுண்டல் கிண்ணத்தை நீட்டினாள். இந்தத் தடவை வாத்தியார் குறுக்கே வரவில்லை. அவரும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

சுண்டலைத் தின்றபடி கேட்டார்.

"டீச்சர், என் கேள்விக்கு நீங்க பதிலே சொல்லலையே. இதை எப்போ நம்பலாம்?"

அம்சவேணி பையை மாட்டிக்கொண்டாள்.

"இனிமேல் அம்மா விளக்கு வெக்கற நேரத்துல மட்டும் காரைத் தூக்குங்க சார்."