தொட்டில் அறையில் புகுந்த திருடன்

ஆறு மாதம் மழையும், மீதி ஆறு மாதம் மழையைப் பற்றிய பேச்சுமாக இருந்த காவலங்காடு என்ற நாட்டை வெகுகாலத்துக்கு முன்னால் உதயமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். போர்க்களத்தில் மதயானைக்கும் அஞ்சாதவன், அரண்மனைக்குள் ஒரு குளிர்காற்று வீசினால் நடுங்கிவிடுவான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. போன வருஷத்து அடைமழையில், பிள்ளை பெற்ற பத்தாம் நாள், குளிர்ஜுரம் கண்டு ராணி போய்ச் சேர்ந்தாள். அவனுக்கு மிஞ்சியது மகள் முல்லைநாச்சி ஒருத்திதான்.

இந்த வருஷம் முதல் தூறல் விழுந்ததுமே, தொட்டில் அறையின் சன்னல்களை எல்லாம் மெழுகு வைத்து அடைக்கச் சொல்லிவிட்டான். கதவுக்குக் கம்பளித் திரை. குழந்தையின் துணிகூட வெளியே போகக்கூடாது. உள்ளேயே துவைத்து, உள்ளேயே கொடி கட்டி, கணப்புச்சட்டிச் சூட்டில் காயவைக்க வேண்டும்.

பத்தே நாளில் சுவர்கள் வியர்த்தன. மூலைகளில் கறுப்பாகப் பூசணம் பூத்தது. மெத்தையெல்லாம் மக்கல் வாடை. குழந்தை இருமத் தொடங்கியது. ஒவ்வொரு இருமலும் ராஜாவின் நெஞ்சில் இடித்தது.

"ஒரு சொட்டு மழை உள்ளே வர வழியில்லை. அப்புறம் ஏது இந்த ஈரம்?" என்று சபையில் கத்தினான்.

அரண்மனை மேற்பார்வையாளர் வாகைமார்பர் எழுந்தார். சன்னல்களை அடைத்தவர் அவர்தான். மந்திரி மருதப்பரின் பதவி மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "மகாராஜா, எவரோ திருட்டுத்தனமாகத் தண்ணீர் தெளிக்கிறார்கள். உள்ளேயே கிடப்பவள் செவிலி பவளாயி. அவளைக் கொண்டுவந்து வைத்தவர் மந்திரியார்!"

பவளாயி பதறிப்போனாள். "சாமி, என் பால் குடிச்சு வளர்ற பிள்ளைக்கு நானா கெடுதல் செய்வேன்? என்னை அனுப்பிட்டா அது யார்கிட்ட தூங்கும்?"

ராஜாவுக்கு மனசு இளகியது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "பொழுது சாய்வதற்குள் உண்மை தெரியாவிட்டால் நீ எல்லை தாண்டிப் போக வேண்டியதுதான்."

"அவ்வளவு நேரம் எதற்கு?" என்றார் மருதப்பர். "மத்தியானத்துக்குள் திருடனைப் பிடித்துத் தருகிறேன். காவலுக்கு வாகைமார்பரே இருக்கட்டும். அவரை விட்டால் ஆள் ஏது?"

வாகைமார்பருக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தையையும் பவளாயியையும் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, வழக்கம்போல் கணப்புச்சட்டியை மூட்டி, எட்டு ஈரத்துணிகளைக் கொடியில் போட்டார்கள். ராஜாவும் மந்திரியும் உள்ளே உட்கார்ந்தார்கள். வாகைமார்பர் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார், தும்மினார், மறுபடி தும்மினார். மத்தியானத்தில் துணிகள் அப்பளமாகக் காய்ந்திருந்தன.

"வாகைமார்பரே, காலையில் இவற்றில் ஈரம் இருந்ததா?"

"நானே தொட்டுப் பார்த்தேனே!"

"இப்போது இல்லை. அந்த ஈரம் எந்த வழியாக வெளியேறியது? கதவைத் திறந்துவிட்டீரா?"

"என் மீசைமேல் ஆணை! ஓர் எறும்புகூட என்னைத் தாண்டவில்லை. சன்னலில் காற்றுக்கும் வழியில்லை, நானே அடைத்தது!"

"அப்படியானால் திருடன் உள்ளேதான் இருக்கிறான்."

ராஜா எழுந்துபோய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தான். விரலிடுக்கில் நீர் வழிந்தது. தினம் எத்தனை துணிகளின் ஈரம், எத்தனை பேரின் மூச்சு, எல்லாம் அந்தச் சுவரில்தான் வந்து ஒட்டியிருந்தன.

"அப்போ என் மகளை இருமவைத்தது நான்தானா, மருதப்பரே?"

மருதப்பர் நினைத்திருந்தால் அப்போது ஒரு கேலி செய்திருக்கலாம். செய்யவில்லை. "உங்கள் பயம், மகாராஜா. பிரியம் இல்லாதவர்களுக்கு இந்தப் பயம் வராது. சாரல் அடித்தால் மூடுங்கள், நின்றால் திறந்துவிடுங்கள். அவ்வளவுதான்."

ராஜா பவளாயியை அழைத்து, சபை பார்க்க, "என்னை மன்னித்துவிடு, தாயே" என்று கும்பிட்டான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். வாகைமார்பருக்கு ஒரு புது உத்தியோகமும் கொடுத்தான்: மழைக்காலம் முடியும்வரை, வெயில் தலைகாட்டும்போதெல்லாம், இளவரசியின் துணிகளை முன்வாசலில் உலர்த்த வேண்டும். ஊரே வேடிக்கை பார்க்க, மீசையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் உலர்த்தினார்.

அன்றைக்கு மழை விட்டதும், ராஜா தன் குறுவாளாலேயே மெழுகைச் சுரண்டிச் சன்னலைத் திறந்தான். காற்று வந்தது. ராணியைக் கொண்டுபோன அதே காற்று என்று மகளைத் தூக்கிச் சால்வையால் போர்த்திக்கொண்டான். அவன் சால்வைக்குள் இருந்த முல்லைநாச்சியோ, அந்தக் காற்றைப் பிடிக்கப்போவதுபோல் இரண்டு கைகளையும் நீட்டிச் சிரித்தாள்.

ஒரு வருஷமாக யார் முன்னாலும் அழாத ராஜா உடைந்து அழுதான். பிறகு வெட்கப்பட்டு, அவசரமாகக் கண்ணைத் துடைத்தபடி, "மறுபடி ஈரம் சேர்ந்துவிடப்போகிறது" என்றான்.

"நன்றாக அழுங்கள், மகாராஜா" என்றார் மருதப்பர். "சன்னல் திறந்துதானே இருக்கிறது."