குளவியின் இடுப்பு

முதலில் ஒரு தவறான கருத்தைத் திருத்தியாக வேண்டும். இன்னும் தாமதிப்பது நாட்டுக்கு நல்லதல்ல. குளவி மண்கூட்டுக்குள் புழுவை அடைத்து, ரீங்காரமிட்டே அதைக் குளவியாக மாற்றிவிடுகிறது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். புழுவுக்கும் அந்த ரீங்காரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது ஒரு கொத்தனாரின் இடுப்புவலி.

அந்தக் காலத்தில், குளவிக்கும் மனிதருக்கும் பேச்சுவார்த்தை இருந்தபோது, குளவிகள் சத்தமில்லாமல்தான் கூடு கட்டின. இடுப்பும் வண்டைப் போலப் பருத்தே இருந்தது. கட்டிய கூடுகள் மட்டும் நிற்கவில்லை.

ஒரு குளவிக்கு அடுத்தடுத்து மூன்று கூடுகள் விழுந்தன. வயிற்றில் முட்டைகள். மழைக்கு இருபதே நாள். கூடில்லாவிட்டால் பிள்ளைகள் எறும்புக்குத்தான். தன்னைப் பெரிய கைகாரி என்று நினைத்திருந்த அது, வேறு வழியில்லாமல் வெயிலுமுத்துக் கொத்தனாரிடம் போனது. அறுபது வயதான அவர், ஒரு தானியக் களஞ்சியத்துக்கு மண்சுவர் பூசிக்கொண்டிருந்தார்.

"கொத்தனாரே, என் சுவர் ஏன் நிக்கமாட்டேங்குது?"

விழுந்த கூட்டின் துண்டை வாங்கி விரலால் நசுக்கிப் பார்த்தார். "மண்ணைச் சலிக்கலை. தண்ணியும் அதிகம். ஒரு வரி காயறதுக்குள்ள அடுத்த வரியை ஏத்தியிருக்கே."

"மழை வருதே!"

"அதனாலதான் சொல்றேன் தாயி, நிதானமாக் கட்டு."

குளவி சொன்னபடியே செய்தது. நான்காவது கூடு இரண்டு நாள் நின்று, பிறகு வெடித்து விழுந்தது. கிழவர் எதையோ மறைக்கிறார் என்று குளவிக்குத் தோன்றிவிட்டது. களஞ்சியத்து விட்டத்தில் உட்கார்ந்து, இரண்டு பகல் முழுவதும் அவரைக் கண்கொட்டாமல் பார்த்தது. அவர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். கரணையால் மண்ணை அப்பும்போதெல்லாம் "ம்ம்ம்ம்..." என்று நீளமாக முனகினார். இரண்டையும் தொழில் ரகசியம் என்று குளவி மனதில் குறித்துக்கொண்டது.

மறுநாள் ஒரு வாழைநாரை மூச்சு முட்ட இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மண்ணுருண்டையையும் முனகியபடியே அப்பத் தொடங்கியது.

கஞ்சி கொண்டுவந்த கொத்தனாரின் மனைவி பூவாத்தாள் சிரித்துவிட்டாள். "ஏங்க, இங்க வந்து பாருங்க! உங்களை மாதிரியே ஒண்ணு முனகிக்கிட்டுக் கட்டுது."

கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். "அட கிறுக்கி! அது தொழில் இல்லை, இடுப்புவலி. பதினஞ்சு வருசமா இருக்கு."

"உங்க சுவர் வெடிக்காம நிக்கிறது எத்தனை வருசமா?" என்று கேட்டது குளவி.

கொத்தனார் யோசித்தார். கஞ்சியைக் குடித்தார்.

குளவி முனக முனக, ஈரமண் அதிர்ந்து, இண்டு இடுக்கெல்லாம் இறங்கிப் பிடித்துக்கொண்டது. மழை சொன்ன நாளில் வந்தது. கூடு அசையவில்லை, முட்டைகள் உள்ளே பத்திரமாகப் பொரிந்தன. அதன்பிறகு குளவி நாரை அவிழ்க்கப் பார்த்தது. நார் உடம்போடு புதைந்து போயிருந்தது.

அன்று முதல்தான் குளவிகள் முனகாமல் மண் வைப்பதில்லை. அன்று முதல்தான் அவற்றுக்கு இடுப்பும் இல்லை.

அந்த மழைக்காலத்தில் பூவாத்தாள் நொச்சியிலை ஒத்தடம் கொடுத்துக் கொடுத்தே கொத்தனாரின் இடுப்புவலியை அடியோடு குணப்படுத்தினாள். தை மாதம் அவர் கட்டிய மாட்டுக்கொட்டகைச் சுவர் மாசியில் வெடித்தது.