பேர்ப்பலகை இல்லாத வடைக்கடை

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு, குருவுக்கு முப்பத்து நான்கு. சிரிக்காதீர்கள், ஆராய்ச்சிக்கூடத்தில் இதெல்லாம் சகஜம். சங்கரபாண்டியன் பள்ளி ஆசிரியர். ஆசை விடாமல் காளான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர். அவருக்கு வழிகாட்டி முனைவர் பர்வீன்.

அன்று காலை மனிதர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"மேடம், சவுக்குத் தோப்புல எடுத்தேனே, அந்த நீலக் காளான்... அதோட பார்கோடு கிடைக்கலைன்னே சொல்லுது சாஃப்ட்வேர்."

"மத்த காளானுக்கெல்லாம்?"

"சட்டுசட்டுனு எடுத்துக் கொடுத்துடுச்சு. இதுதான் புதுசா இருக்கும்னு இத்தனை மழைக்காலமா நம்பிக்கிட்டிருந்தேன். பேசாம தூக்கிப் போட்டுடறேன்."

டி.என்.ஏ.வில் ஒரு துண்டு காளானுக்குக் காளான் மாறும். அதுதான் பார்கோடு. அதன் இரு பக்கத்து மரபணுக்களும் எல்லாக் காளானிலும் ஏறக்குறைய ஒன்றேதான்.

"சாஃப்ட்வேர்ல போடறதுக்கு முன்னாடி இதை என்ன பண்ணீங்க சார்?"

"செல்லப்பிள்ளையாச்சே! இதை மட்டும் நானே உட்கார்ந்து சுத்தம் பண்ணினேன். ரெண்டு ஓரமும் எல்லாக் காளான்லயும் இருக்கறதுதானே, எதுக்குச் சுமக்கணும்னு வெட்டிட்டேன்."

பர்வீன் பர்ஸிலிருந்து காசை எடுத்து நீட்டினார்.

"பசிக்குது சார். கடைத்தெருவுல பேர்ப்பலகை இல்லாத வடைக்கடை ஒண்ணு இருக்கு. ரெண்டு வடை வாங்கிட்டு வாங்களேன்."

போனவர் வியர்க்க விறுவிறுக்க வெறுங்கையோடு திரும்பினார்.

"என்ன மேடம், விளையாடறீங்களா? பேரே இல்லாத கடையை எங்கன்னு தேடறது? பக்கத்துல என்ன இருக்குன்னாவது சொல்லியிருக்கலாம்ல!"

"ஒரு பக்கம் சைக்கிள் கடை, இன்னொரு பக்கம் ஜெராக்ஸ் கடை. எல்லா ஊர்லயும் இருக்கறதுதானே, எதுக்குச் சுமக்கணும்னு வெட்டிட்டேன்."

சங்கரபாண்டியனுக்குப் பொறி தட்டியது. அந்த இரண்டு ஓரங்களை அடையாளமாக வைத்துத்தானே சாஃப்ட்வேர் நடுத்துண்டைத் தேடும்! "அட, மண்டூகமே!" என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டு சிரித்தார். வெட்டாத பிரதியைத் தேடி எடுத்து சாஃப்ட்வேரில் போட்டார். நடுத்துண்டு முழுசாக வந்து விழுந்தது. உலகமெல்லாம் சேர்த்துவைத்த பார்கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எதனோடும் பொருந்தவில்லை.

"புதுசு மேடம்! புதுசேதான்!" சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன பேர் வைக்கலாம்?"

"பேர் மெதுவா வைக்கலாம் சார். முதல்ல போய் வடை வாங்குங்க. ரெண்டு இல்ல, நாலு. சைக்கிள் கடைக்காரருக்கு ஒண்ணு, ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஒண்ணு."