பிளேயர் இல்லாத வீடு

அருணந்திக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருக்குப் பதிகம் சொல்லிக்கொடுக்கும் மங்கையர்க்கரசிக்கு முப்பத்து நான்கு. வயதில் மகள் மாதிரி, பாட்டில் குரு.

மார்கழி முழுக்கக் கோயிலில் பாட ஒருவரைத் தேடினார்கள். விருப்பமுள்ளவர்கள் தாங்கள் பாடுவதை வீடியோ டிஸ்க்கில் பதிந்து கொடுக்க வேண்டும். கோயில் தேர்வுக் குழுவின் மூன்று பேரும் அவரவர் வீட்டில் போட்டுப் பார்த்து முடிவு சொல்வார்கள். அந்த இடம் தனக்குத்தான் என்று அருணந்தி தீர்மானித்துவிட்டார். எடுத்த காரியத்தை லேசில் விடுகிற ஆள் இல்லை அவர்.

பதிந்ததில் ஒரு கோளாறு. உச்சத்துக்குப் போகிற இடத்தில் குரல் உடைந்தது. முகமும் கருத்துத் தெரிந்தது. மனிதர் அசரவில்லை. வீட்டு டிஸ்க் பிளேயரின் ரிமோட்டை எடுத்தார். வெளிச்சத்தைக் கூட்டினார், கீச்சென்ற ஒலியைக் குறைத்தார், கொஞ்சம் எதிரொலி சேர்த்தார். இரண்டு நாள் பாடுபட்டதில் முகம் பளிச்சென்று ஆனது. உடைந்த இடமும் மறைந்தது. டிஸ்க்கைத் துணியில் சுற்றிக் குருவிடம் கொண்டுபோனார்.

அங்கே போட்டால் அதே கருத்த முகம், அதே உடைந்த குரல். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“எல்லாத்தையும் சரி பண்ணித்தானேம்மா கொண்டுவந்தேன்?”

“நீங்க சரி பண்ணது உங்க வீட்டு பிளேயரை, ஐயா. டிஸ்க்குல நீங்க பாடினதுதான் இருக்கு.”

அருணந்தி அதற்கும் ஒரு வழி கண்டார். அப்படியானால் அந்த மூன்று வீட்டு பிளேயர்களையும் சரிசெய்துவிட வேண்டியதுதான் என்றார். மங்கையர்க்கரசி சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. போய்விட்டு வந்து சொல்லுங்கள் என்றார்.

முதல் வீட்டில் டிஸ்க்கின் ஒரு பிரதியைக் கொடுத்த கையோடு ரிமோட்டைக் கேட்டு வாங்கி, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர்கள் இரண்டு தடவை காப்பி கொடுத்துப் பார்த்தார்கள். அவர் எழுந்திருப்பதாக இல்லை. இரண்டாவது வீட்டில் திரையில் வந்ததெல்லாம் சீன எழுத்து. ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்து, அதையும் வழிக்குக் கொண்டுவந்தார்.

மூன்றாவது வீட்டில் பிளேயரே இல்லை.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அந்த வீட்டு அம்மாள், டிஸ்க்கைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் போட்டுப் பார்க்கலாம் என்றிருந்தாராம். வந்தவர் யாரென்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

“நீங்களே வந்துட்டீங்க, அப்புறம் டிஸ்க் எதுக்கு? உட்கார்ந்து பாடுங்களேன்.”

தொண்டை சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அருணந்தி வெளியே வந்தார். வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது.

குருவிடம் எதையும் ஒளிக்கவில்லை. ஆனாலும் பிடிவாதம் போகுமா?

“என் பிளேயரையே அங்க தூக்கிட்டுப் போயிடலாமாம்மா?”

மங்கையர்க்கரசி பாயை விரித்தார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, எதிரே அமர்ந்து தாளத்தைக் கையில் எடுத்தார்.

“அந்த வீட்டுக்குத்தான் ஐயா முதல்ல போகப்போறோம். உடைஞ்ச இடத்துலேர்ந்து பாடுங்க.”