உலகத்திலேயே ஒரே ஒரு பல்பீர்

பூவாணிக்குளம் கிரிக்கெட் அணியில் ஆள் பதினொன்று உண்டு. மூளை எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

தலைவர் உச்சிமாகாளிக்குத் தூக்கம் போய் ஒரு மாதமாயிற்று. தை மாதம் கீழூரோடு போட்டி. கீழூர் அவருக்கு மாமனார் ஊர். மூன்று வருஷத் தோல்விக்குப் பிறகு மாமியார்கூடச் சிரித்துக்கொண்டேதான் சோறு போடுகிறாள். இருப்பதோ ஒரே மட்டை, அதிலும் நட்டநடுவே விரிசல்.

புது மட்டை வாங்க, விற்றுக் காசாக்க அணியிடம் இருந்தது பபுள்கம்மோடு வந்த மூவாயிரம் அட்டைகள். எல்லாவற்றிலும் பல்பீர் என்கிற ஆட்டக்காரர்தான், ஆட வந்த முதல் வருஷத்துப் படம். மதுரையிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ஜமால் பாய் உதட்டைப் பிதுக்கினார்.

"லட்சக்கணக்குல அடிச்சுத் தள்ளிட்டாங்க தம்பி. எந்த வீட்டுப் பரண்லயும் இது கிடக்கு. உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான்னா கண்ணை மூடிக்கிட்டு அம்பதாயிரம் தருவேன்."

"அவ்வளவுதானா பாய்? அடுத்த வாரம் வாங்க" என்றார் உச்சிமாகாளி.

ஒன்றைத் தவிர மிச்சத்தை எரித்துவிடுவது என்று முடிவாயிற்று. எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் இழுபறி.

"நல்லா சிரிக்கிற அட்டையை வைப்போம்" என்றான் சுடலை.

"எல்லாத்துலயும் சிரிக்கத்தான செய்தாரு" என்றான் பிச்சமுத்து.

"மனசாரச் சிரிக்கிறதைப் பாருல."

இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்து, மனசாரச் சிரித்த ஒரு பல்பீரைக் கண்டுபிடித்தார்கள். மற்றவை வழவழப்பு அட்டை, லேசில் தீப்பிடிக்கவில்லை. நல்லவேளையாக விரிசல் மட்டை இருந்தது. அதைப் பிளந்து விறகாகப் போட்டதும் திகுதிகுவென்று எரிந்தது.

அடுத்து, அந்த ஒற்றை அட்டை யார் வீட்டில் இருப்பது? பதினொரு பேரும் எனக்கு உனக்கு என்று மல்லுக்கு நின்றார்கள். சுடலைதான் வழி சொன்னான்.

"பதினொண்ணா வெட்டுவோம் அண்ணாச்சி. ஆளுக்கொரு துண்டு. மூக்கு உலகத்துல ஒண்ணே ஒண்ணு, காது ஒண்ணே ஒண்ணு. துண்டுக்கு அம்பதாயிரம்லா."

உச்சிமாகாளிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட தலையை மூன்று வருஷமாகப் பந்து பொறுக்க விட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. உடனே கத்தரிக்கோல் வந்தது.

ஜமால் பாய் வந்தார். பதினொரு துண்டையும் பார்த்தார். ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு பஸ் ஏறிப் போனார்.

"அவ்வளவு ரூபா கையில வச்சிருக்க மாட்டாருல்லா. எடுத்துட்டு வரட்டும்" என்றான் பிச்சமுத்து.

போட்டி நாள் வந்தது, பாய் வரவில்லை. பூவாணிக்குளத்தார் வெறுங்கையோடு கீழூர் மைதானத்தில் போய் நின்றார்கள். கீழூர் அணித் தலைவன் இசக்கிராஜா, உச்சிமாகாளியின் மச்சினன். பார்க்கப் பாவமாக இருக்கவே தன் மட்டையை நீட்டினான்.

"இந்தாங்க அத்தான், இதை வச்சு ஆடுங்க. எங்ககிட்ட இன்னொண்ணு இருக்கு."

உச்சிமாகாளி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டு இருந்தா என்ன மாப்ளே மதிப்பு? அந்த ஒண்ணை எரிச்சிட்டு வாங்க, யோசிப்போம்."